குழாய் நிரம்பிய பிறகு: ஆல்ப்ஸ் கிராமத்தின் மழைநீர்க் கணக்கு

பழைய ஆல்ப்ஸ் கிராமங்கள் பலவும் ஒரே மாதிரியான இடத்தில்தான் அமைந்திருக்கின்றன. பக்கத்து மலையிலிருந்து ஒரு காட்டாறு இறங்கி வந்து, பள்ளத்தாக்கைத் தொடும் இடத்தில் விசிறி வடிவத்தில் ஒரு மேடு விரியும். ஊர் அந்த மேட்டின்மேல் இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் சதுப்பு, அடிக்கடி வெள்ளம். மேலே செங்குத்துச் சரிவு, வீடு கட்ட முடியாது. இடையில் இருக்கும் இந்த மேடுதான் காய்ந்த நிலம், மிதமான வாட்டம், கொஞ்சம் பயிரும் வைக்கலாம். முன்னோர்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த மேட்டைக் கொண்டுவந்து கொட்டியதே அந்தக் காட்டாறுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வொரு பெருமழைக்கும் கல்லும் மண்ணுமாக இறக்கிச் சேர்த்த குவியல் அது. கொட்டும் வேலையை ஆறு இன்னும் நிறுத்தவில்லை.

இந்த மேட்டின் வடிவத்திலேயே ஒரு வில்லங்கம் உண்டு. சமவெளியில் ஆறு தாழ்வான இடத்தில் ஓடும். கரை மீறினாலும் தண்ணீர் வடிந்து பெரும்பாலும் ஆற்றுக்கே வந்து சேரும். விசிறி மேட்டில் நடுப்பகுதிதான் உயரம். ஓடையும் பல ஊர்களில் அந்த உயரத்திலேயே, கரை கட்டி நிறுத்தப்பட்டு ஓடுகிறது. ஒரு தடவை கரை தாண்டிவிட்டால் தண்ணீர் ஓடைக்குத் திரும்பாது. தெரு, கொல்லை, நிலவறை என்று தனக்கு வாட்டமான பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மலைக் கிராமத்தில் எவ்வளவு பெரிய குழாய் போடுவது என்பது இரண்டாவது கேள்விதான். குழாய் நிரம்பிய பிறகு, அல்லது அடைத்துக்கொண்ட பிறகு, தண்ணீர் எந்த வழியாகப் போகப் போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஊருக்குள் பெய்வதும் ஊருக்கு மேலே பெய்வதும்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். சுவிட்சர்லாந்தில் ஒரு மணி நேரத்தில் அளக்கப்பட்ட மிகப் பெரிய மழைகளில் ஒன்று, ஆல்ப்ஸின் தெற்கு விளிம்பில் உள்ள லொகார்னோவில் 1997 ஆகஸ்டில் பெய்த 91.2 மில்லிமீட்டர். அந்த மழை 150 சதுர மீட்டர் கூரையின்மேல் விழுந்தால், ஒரே மணி நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். அது உச்சக் கணக்கு. மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று சற்று அடக்கமாகவே எடுத்துக்கொள்வோம். கூரையும் தார்ச் சாலையுமாக 5 ஹெக்டேர் உள்ள கிராமத்தில், பெய்வதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால் விநாடிக்கு சுமார் 550 லிட்டர். இது சமாளிக்கக்கூடியதுதான்.

ஊருக்கு மேலே உள்ள சரிவைக் கணக்கில் சேர்த்தால்தான் விஷயம் புரியும். காடும் புல்வெளியுமாக ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர் பரப்பு தன் தண்ணீரை ஊர்ப்பக்கம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெய்வதில் பத்தில் மூன்று பங்கு மட்டுமே ஓடி வந்தாலும் விநாடிக்கு 4,000 லிட்டரைத் தாண்டும். ஊரின் சொந்த மழையைப்போல ஏழெட்டு மடங்கு. இதைக் குழாயில் அடக்க நினைப்பதே வீண். மேலிருந்து வருவதை ஊருக்குள் நுழையும் முன்பே மடக்கி ஓடைக்கு அனுப்பிவிட வேண்டும். ஊர்க் குழாய்கள் ஊர்த் தண்ணீருக்கு மட்டும்.

சரிவான ஊரில் குழாய்க்கு ஒரு லாபம் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் காங்கிரீட் குழாய் 100 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டத்தில் விநாடிக்கு 100 லிட்டர் அளவுக்குத்தான் கொண்டுபோகும். அதே குழாயை 10 மீட்டர் வாட்டத்தில் வைத்தால் 300 லிட்டர் போகும். பலரும் இதைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அது அவசர நிம்மதி. விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் பாயும் தண்ணீரில் மணலும் சரளையும் கலந்திருந்தால் குழாயின் அடிப்பாகம் தேய்ந்துகொண்டே வரும். சரிவு முடிந்து குழாய் சமதளத்துக்குத் திரும்பும் இடத்தில் வேகம் சட்டென்று குறைந்து, தண்ணீர் எழும்பி, உள்ளே அடைபட்ட காற்றோடு சேர்ந்து மேன்ஹோல் மூடியைத் தூக்கி எறியும். இதைத் தவிர்க்கத்தான் நடுநடுவே கிணறுபோன்ற சேம்பர் கட்டி, தண்ணீரை அதற்குள் விழவைத்து வேகத்தை உடைக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் தண்ணீர் குழாய்க்குள் இறங்கியாக வேண்டுமே! சமவெளிச் சாலையில் ஓரத்தில் ஒரு கம்பிக் கிராதி வைத்தால் போதும். செங்குத்தான தெருவில் வேகமாக வரும் தண்ணீர் அந்தக் கிராதியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். ஆகவே தெருவின் முழு அகலத்துக்கும் குறுக்கே, சற்றுச் சாய்வாக வாய்க்கால் போட்டுக் கிராதியால் மூட வேண்டும். மேலே உள்ள காட்டுச் சாலைகளிலும் மண் பாதைகளிலும் இதன் எளிய வடிவம் உண்டு. இரண்டு மரத்தடிகளைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதிப்பார்கள். நடுவில் ஒரு மண்வெட்டி நுழையும் அகலத்துக்கு இடைவெளி. மழை முடிந்ததும் யாராவது போய் அதில் சேர்ந்த சரளையை அதே மண்வெட்டியால் வாரி வெளியே போட வேண்டும் என்பதால்தான் அந்த அகலம். இரண்டு மழைக்கு வாராமல் விட்டால் அது நிரம்பிவிடும், பாதையே வாய்க்கால் ஆகிவிடும். பல கிராமங்களில் தெருவுக்குள் நுழைந்த வெள்ளத்தின் கதையைப் பின்னோக்கித் தேடிப் போனால், மேலே எங்கோ தூர்ந்துபோன இப்படி ஒரு குறுக்கு வாய்க்காலில்தான் போய் நிற்கும்.

இன்னொரு காரணியைப் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் கவனிக்கத் தவறிவிடுவோம். வானிலையாளர்கள் காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் உயரத்தைத் தினமும் கணிக்கிறார்கள். அந்தக் கோடு 2,500 மீட்டரில் இருந்தால், ஏறத்தாழ அதற்கு மேலே பெய்வதெல்லாம் பனியாக அங்கேயே தங்கிவிடும். 4,000 மீட்டருக்கு ஏறிவிட்டால் அதே மலை முழுவதும் மழையைக் கீழே அனுப்பும். மழையின் அளவு மாறவே இல்லை. தண்ணீர் தரும் பரப்பு மட்டும் பெருகிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக்கு மேலே இந்தக் கோடு 5,298 மீட்டரில் அளக்கப்பட்டது. அந்த நாட்டின் மிக உயரமான சிகரமே 4,634 மீட்டர்தான். அத்தோடு, காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய மழைப் பதிவுகளை மட்டும் வைத்து வடிவமைத்த வடிகால்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் தனியாக வருவதில்லை

சமவெளி வெள்ளத்துக்கும் மலை வெள்ளத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, கூட வருகிற சரக்கில் இருக்கிறது. செங்குத்தான ஓடையில் போதுமான தளர்ந்த கல்லும் மண்ணும் கிடந்தால், வெள்ளம் ஒரு கட்டத்தில் வெள்ளமாக இருப்பதை நிறுத்திவிட்டு ஈரக் காங்கிரீட்டைப்போல் நகரத் தொடங்கும். கன மீட்டருக்கு 2 டன் வரை எடை. பாறைகள் அதில் மிதப்பதுபோலவே வரும். சுவிட்சர்லாந்தில் பெர்ன் மாநிலத்து பிரியென்ஸ் ஏரிக்கரைக் கிராமத்தில் 2005 ஆகஸ்டில் கிளிஸ்ஸிபாக் ஓடை இப்படி இறங்கி இரண்டு பேரின் உயிரை எடுத்தது. அதன் பிறகு அங்கே பாதுகாப்புப் பணிகள் நடந்தன. 2024 ஆகஸ்டில் அதே ஊரில் மிலிபாக் என்ற இன்னொரு ஓடை கல்லும் சேறுமாக வந்து வீடுகளையும் ரயில் பாதையையும் மூடியது. ஒரு மலைக் கிராமத்துக்கு ஒரே ஒரு ஓடை இருப்பது அபூர்வம் என்பதை யாரும் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதற்கான ஏற்பாடு மேலிருந்து கீழாக வருகிறது. ஓடையின் மேல்பகுதியில் படிப்படியாகத் தடுப்பணைகள். அவை ஓடை தன் அடிமண்ணை அரித்துக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளும். ஊருக்குச் சற்று மேலே ஒரு பெரிய தொட்டி, அதன் வாயில் கனத்த எஃகுத் தண்டுகள். கல்லும் மரமும் அங்கே நிற்கும், தண்ணீர் மட்டும் வெளியே வரும். ஊருக்குள் ஓடை குறுகலாக, வழவழப்பாக, வளைவில்லாமல் போக வேண்டும். வேகம் குறையும் இடத்தில்தான் சரக்கு படியும், படிந்தால் கரை மீறும். ஆஸ்திரியா இந்த வேலைக்கென்றே 1884-ல் ஒரு அரசுத் துறையை உருவாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிரோல், கரிந்தியா மாகாணங்களை அழித்த வெள்ளம்தான் காரணம். அந்தத் துறை இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

பெரும்பாலும் கோட்டை விடுவது பாலத்தில்தான். ஓடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் தாழ்வான ஒரு பாலத்தில் ஒரு மரம் சிக்கினால் போதும். சுவிட்சர்லாந்தில் வாலே மாநிலத்தின் பிரிக் நகரம் இதை 1993 செப்டம்பரில் அனுபவித்தது. சால்டினா ஆற்றுப் பாலம் அடைத்துக்கொண்டு நகரின் நடுப்பகுதி சரளையில் புதைந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். பிறகு கட்டிய பாலம் தானாகத் தூக்கிக்கொள்ளும் பாலம். அதில் மோட்டார் கிடையாது. ஆறு ஒரு மட்டத்தைத் தாண்டினால் தண்ணீரே ஒரு தொட்டிக்குள் புகுந்து அதை எடைக்கல் ஆக்கிவிடும். அந்த எடை இறங்க, பாலம் மேலே ஏறும். வெள்ள நேரத்தில் முதலில் போவது மின்சாரம் என்று தெரிந்தவர் யோசித்த வடிவமைப்பு. 2000 அக்டோபரில் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது பாலம் ஏறிக்கொண்டது.

சின்னக் கிராமத்துக்கு இப்படிப்பட்ட பாலம் கட்டுப்படியாகாதுதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஓடையைக் குழாய்க்குள் தள்ளி மேலே தார் போட்ட ஊர்கள் ஏராளம். அந்தக் குழாயின் வாய்தான் இன்று ஊரின் மிகப் பலவீனமான புள்ளி. 1991-ல் நிறைவேறிய சுவிஸ் நீர்ப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, இனி ஓடைகளை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே மூடியதைத் திறக்க இடம் இல்லையென்றால் மிச்சமுள்ள வழி, தெருவையே மாற்று வாய்க்காலாகத் தயார் செய்வதுதான். ஓரக் கற்களைச் சற்று உயர்த்தி, தெருவின் நடுவைத் தாழ்த்தி, நிலவறை ஜன்னல்களின் விளிம்பை ஏற்றிக் கட்டி, கேரேஜ் வாசலில் பலகை செருகக் காடி வைத்தால், குழாய் தோற்றுப்போகும் நாளிலும் தண்ணீர் வீட்டுக்குள் நுழையாமல் தெருவோடு போய்விடும். இதில் பெரிய பொறியியல் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த தடவை சாலைக்குத் தார் போடுபவர் இதை அறியாமல் 5 சென்டிமீட்டர் ஏற்றிவிட்டால் எல்லாம் போச்சு. சுவிட்சர்லாந்தின் மத்தியச் சுற்றுச்சூழல் அலுவலகமும் காப்பீட்டு அமைப்புகளும் சேர்ந்து 2018-ல், ஆறு ஓடை எதையும் தொடாமல் நிலத்தின்மேல் ஓடும் மழைநீருக்கென்றே நாடு முழுமைக்கும் ஒரு வரைபடம் வெளியிட்டன. அதன்படி கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஓட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவை.

மண்ணுக்குள் விடலாமா?

நகரங்களில் இன்றைய மந்திரம், மழைநீரை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது. நல்ல மந்திரம்தான். சுவிஸ் சட்டமும் அதையே முதல் விதியாக வைக்கிறது. அசுத்தமாகாத மழைநீர் மண்ணுக்குள் போக வேண்டும். முடியாவிட்டால் மட்டும் ஓடைக்கு, அதுவும் முடிந்தவரை தேக்கி மெதுவாக. ஆனால் இந்த “முடியாவிட்டால்” மலையில் அடிக்கடி வருகிறது. சரிவில் ஒரு வீட்டுக்காரர் தன் கூரைத் தண்ணீரை உறிஞ்சுகுழிக்குள் விட்டால், அது பாறையில் முட்டி, முப்பது மீட்டர் கீழே இன்னொருவர் நிலவறைச் சுவரில் வெளியே வரும். அது பரவாயில்லை. களிமண் அடுக்கு ஒன்று வழுக்கக் காத்திருக்கும் சரிவாக இருந்தால் அந்தத் தண்ணீரே மண்சரிவுக்குக் காரணமாகிவிடும். சமவெளி அறிவுரையை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வருவதில் எனக்கு உள்ள தயக்கம் இதுதான்.

டிச்சினோ மாநிலத்தின் காம்போ வலேமாஜ்ஜா இதற்குப் பழைய உதாரணம். ஊரே மெல்ல நகரும் ஒரு பெரிய சரிவின்மேல் இருக்கிறது. அடியில் ஆறு அரிப்பதுதான் காரணமா, மலைக்குள் தேங்கும் நீரின் அழுத்தமா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 1990களில் சரிவின் அடியே சுரங்கம் தோண்டி உள்ளே இருந்த தண்ணீரை வடியவிட்டார்கள். நகர்வு கிட்டத்தட்ட நின்றுபோனது. கிரௌபுண்டன் மாநிலத்தில் பிரியென்ஸ்-பிரின்ஸவுல்ஸ் (ஏரிக்கரை பிரியென்ஸ் வேறு, இது வேறு) என்ற சிற்றூரிலும் இப்போது அதே வைத்தியம் நடக்கிறது. ஊரும் அதற்கு மேலே உள்ள மலையும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 மே மாதம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜூனில் இறங்கிய பாறைக் குவியல் ஊருக்குச் சற்று முன்னால் நின்றது. சோதனைக்காகத் தோண்டிய சுரங்கம் நீரை வடித்ததும் நகர்வு குறைந்ததைப் பார்த்து, அதை நீட்டும் வேலை தொடங்கியது.

சிம்ப்ளோன் கணவாய்க்குத் தெற்கே உள்ள கோண்டோவில் அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. 2000 அக்டோபர் 14 அன்று, பல நாள் மழையில் ஊறிய மண், ஊருக்கு மேலே கல் உருளாமல் தடுக்கக் கட்டியிருந்த காங்கிரீட் சுவரையும் பெயர்த்துக்கொண்டு இறங்கியது. 13 பேர் இறந்தார்கள். கல்லுக்காகக் கட்டிய சுவர், ஊறிய மண்ணின் எடையைத் தாங்கவில்லை. எனவே மலைக் கிராமத்தில் உறிஞ்சுகுழி தோண்டும் முன் மண்ணியல் அறிஞர் ஒருவரிடம் கேட்பது சம்பிரதாயம் அல்ல. மண் ஏற்காத இடங்களில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சின்னத் துவாரம் வழியாக மூடிய குழாயில் ஓடைவரை கொண்டுபோய் விடுவதே சரி.

பனிக்காலமும் ஊர்த் தொட்டியும்

குளிர்காலத்தில் வடிகால் காணாமல் போய்விடும், அதாவது பனியால் மூடிக்கொள்ளும். பனி வாரும் வண்டி தெருப் பனியைத் தள்ளிக் குவிக்கும் இடம் பல சமயம் கிராதியின் மேலேயே. மார்ச்சில் திடீரென்று மழை பெய்தால், அடியில் உறைந்த மண், மேலே ஊறிய பனி, மூடிய கிராதி, மூன்றும் ஒன்று சேரும். அதனால்தான் கிராதிகளின் பக்கத்தில் உயரமான கம்பு நட்டு அடையாளம் வைக்கிறார்கள். வழுக்காமல் இருக்கத் தெருவில் தூவிய சரளையெல்லாம் பனி உருகியதும் வண்டல் தொட்டிகளில் போய்ச் சேரும். வசந்தத்தில் அவற்றை வாரவில்லையென்றால் கோடையின் முதல் இடிமழைக்குப் பாதி வடிகால் வேலை செய்யாது.

இதைவிடச் சுவையான சிக்கல் ஊர் நடுவே இருக்கிறது. சுவிஸ் கிராமங்களில் கல்லிலோ மரத்திலோ செய்த பொதுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். ஊற்றுநீர் இரவும் பகலும் அதில் விழுந்துகொண்டே இருக்கும். முன்பு மாடுகள் குடித்தன, இப்போது சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்தத் தொட்டி வழிந்தால் தண்ணீர் எங்கே போகிறது? மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் பழைய ஊர்களில், நேராகச் சாக்கடைக்குள். ஆண்டு முழுதும் சுத்தமான, குளிர்ந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் குளிரில் சோம்பிப்போகும். 10 டிகிரிக்குக் கீழே அம்மோனியாவை மாற்றும் வேலை வெகுவாகத் தளரும். குழாயின் கொள்ளளவையும் அது தின்றுவிடுவதால், மழை வந்ததும் கழிவு கலந்த நீர் ஓடைக்குள் வழிகிறது. இப்படி இடைவிடாமல் வரும் சுத்தமான நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பக் கூடாது என்று சுவிஸ் சட்டம் தனியாகவே சொல்கிறது. ஆகையால் ஒரு சின்னக் கிராமம் தன் வடிகாலைச் சீர்செய்ய ஆரம்பித்தால், கை வைக்க வேண்டிய முதல் இடங்களில் ஒன்று இந்த அழகான தொட்டியின் வழிகுழாய். அதைத் தனிக் குழாயில் ஓடைக்குத் திருப்பிவிடுவது பெரும்பாலும் செலவு குறைந்த, பலன் கண்கூடான வேலை.

யார் தண்ணீர், யார் செலவு

மேட்டுக்காரருக்கும் பள்ளத்துக்காரருக்கும் உள்ள சண்டை சட்டத்தைவிடப் பழையது. ரோமானியச் சட்டத்திலேயே மழைநீரைத் திருப்பிவிட்ட பக்கத்து நிலக்காரர்மீது வழக்குப் போட ஏற்பாடு இருந்தது. 1804-ன் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 640-ஆம் பிரிவும் சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 689-ஆம் பிரிவும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றேதான்: மேலிருந்து இயற்கையாக வடியும் நீரைக் கீழே உள்ளவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், மேலே உள்ளவர் அந்த ஓட்டத்தை மாற்றிக் கீழே உள்ளவருக்குக் கேடு செய்யக் கூடாது. எழுத்தில் தெளிவுதான். முற்றத்துக்குத் தார் போடுவது ஓட்டத்தை மாற்றுவதா? மேலே பனிச்சறுக்குத் தளத்துக்காக மண்ணைச் சமன்செய்து இறுக்கியதால் கூடுதலாக ஓடி வரும் நீர் இயற்கையானதா? இங்கேதான் வழக்கு தொடங்கும். கிராமத்துக்கென்று ஒரு வடிகால் திட்டம் எழுத்தில் இருந்தால் இந்தக் கேள்விகளில் பாதிக்குக் கட்டட அனுமதி கொடுக்கும்போதே பதில் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு ஊராட்சியும் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டியது கட்டாயம்.

அப்புறம் பணம். தடுப்பணையும் பெரிய தொட்டியும் கட்டுவதற்கு மத்திய அரசும் மாநிலமும் கணிசமாகக் கொடுக்கும். திறப்பு விழா நடக்கும். அதற்குப் பிறகு வரும் பராமரிப்பு பெரும்பாலும் சில நூறு பேர் உள்ள ஊராட்சியின் தலையில்தான் விழுகிறது. ஒரு வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கன மீட்டர் கல் அந்தத் தொட்டியில் சேர்ந்துவிட்டால், அடுத்த மழைக்கு முன் அதைக் காலி செய்தாக வேண்டும். நிரம்பிய தொட்டி இருந்தும் இல்லாததுபோல். ஒரு லாரியில் 10 கன மீட்டர் என்று வைத்தாலும் நூற்றுக்கணக்கான நடை, அதுவும் குறுகிய மலைச் சாலையில். கொண்டுபோய்க் கொட்ட அனுமதி பெற்ற இடமும் வேண்டும். சரக்கு சுத்தமான சரளையாக இருந்தால் கட்டுமானத்துக்கு விற்கலாம். மரமும் வேரும் சேறும் கலந்திருந்தால் பணம் கொடுத்துத்தான் கொட்ட வேண்டும். அந்த இடத்தை வெள்ளம் வருவதற்கு முன்பே பேசி முடித்து வைத்திருக்கும் ஊர்கள் சில நாட்களில் தொட்டியைத் திறந்துவிடுகின்றன. மற்ற ஊர்களில் லாரிகள் தயாராக நிற்க, எங்கே போவது என்று ஊராட்சி அலுவலகத்தில் தொலைபேசிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.